முள் எப்படி விழுந்தது?

இரண்டு நாளாக உயிரை எடுத்த பல்வலி, டாக்டர் வாசலில் டோக்கன் வாங்கிய நிமிஷம் காணாமல் போன அனுபவம் உங்களுக்கு உண்டா? 'எங்கே வலிக்குது?' என்று அவர் கேட்கும்போது நாக்கால் துழாவிப் பார்த்து, எந்தப் பல் என்றே தெரியாமல் விழித்திருப்பீர்கள். டாக்டர் பார்வையில் லேசாக ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்திருக்கும். கார்களுக்கும் இந்தக் குணம் உண்டு.

முழுசாகக் கெட்டுப்போன வண்டியைச் சரிசெய்வது சுலபம். ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால், ஏன் ஆகவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய்ப் பிடித்துவிடலாம். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டே இருந்து, மாதத்துக்கு ஒருதடவை நடுரோட்டில் பொசுக்கென்று ஆஃப் ஆகி, கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகிற வண்டி இருக்கிறதே, அதுதான் மெக்கானிக்குகளுக்குச் சிம்மசொப்பனம். ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற நேரமெல்லாம் அது ரொம்ப நல்ல பிள்ளை.

எங்கள் வீட்டு வண்டி அப்படி ஆனது. பத்து வயசான சின்ன பெட்ரோல் கார். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வியாதி எல்லா ஜாதிக் கார்களுக்கும் வரும். பெரும்பாலும் ஓட்டுவது என் மனைவி. ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறிலிருந்து கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய், தன் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவாள்.

முதல் தடவை தட்சிணசித்ரா வாசலைத் தாண்டியதும் நின்றது. அடுத்த மாதம் முட்டுக்காடு படகுத்துறை பக்கத்தில். மூன்றாவது தடவை முட்டுக்காடு பாலத்தின் மேலேயே. ஒரு பக்கம் கழிமுகமும் கடலும், இன்னொரு பக்கம் ஏரி மாதிரி உப்பங்கழி, பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு பஸ். ஸ்டியரிங் கல்லாகக் கனக்க, உருண்ட வேகத்திலேயே வண்டியைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் ஓரம் கட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து சொல்லும்போதும் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மூன்று தடவையும் முட்டுக்காடு! எங்கள் குடும்பத்துக்கு இது போதாதா? 'அந்த எடத்துல ஏதோ இருக்கு' என்று என் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் ஏறின. பிரிவினைக்கு முந்தைய காலத்து விபத்து ஒன்றைக்கூட ஒரு சித்தப்பா தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். விட்டு விட்டு வருகிற எந்தக் கஷ்டத்துக்கும் இப்படி ஒரு பேய் சீக்கிரமே கிடைத்துவிடும்.

சர்வீஸ் சென்டரில் விட்டோம். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார்கள். வண்டியின் கம்ப்யூட்டர் தன் நினைவில் ஒரு குறையும் எழுதி வைத்திருக்கவில்லை. இரண்டு நாள் வைத்திருந்து ஊரைச் சுற்றினார்கள். நிற்கவில்லை. 'குறை எதுவும் தென்படவில்லை' என்று ஜாப் கார்டில் எழுதினார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அங்கிருந்த இளைஞர், பக்கத்தில் நின்ற என் மனைவியை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "மேடம் கிளட்சை டக்குனு விட்டிருப்பாங்களோ சார்?"

பதினெட்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவள் அவள். "ஃபோர்த் கியர்ல அறுபதுல போய்க்கிட்டிருந்தேன் தம்பி. அங்க கிளட்ச் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள். பதில் இல்லை. பில் மட்டும் வந்தது.

அப்புறம்தான் கோவளத்தில், கேளம்பாக்கம் ரோடு பிரிகிற பக்கம் தகரக் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக்கிடம் போனோம். அம்பாசிடர் காலத்து ஆள். பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா. நீதானே ஓட்டினே? சொல்லு" என்றார். என்னை அவர் பொருட்படுத்தவே இல்லை.

"நின்னப்ப பாட்டு ஓடிச்சா?"

"ஓடிச்சு. பாட்டு நிக்கல."

"அப்ப பேட்டரியும் எர்த்தும் பரவால்ல. முன்னாடி செவப்பு லைட்டெல்லாம் எரிஞ்சுதா?"

"எல்லாம் பளிச்சுனு எரிஞ்சுது."

"அப்ப சாவி சுவிட்சு கரன்ட் குடுக்குது. சரி. ஆர்.பி.எம். முள்ளு எப்படி விழுந்துச்சு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வண்டி வேகமா உருண்டுக்கிட்டுதான் இருந்துச்சு. கிளட்சை மிதிக்கல. ஆனா முள்ளு மட்டும் பொத்துனு ஜீரோவுக்கு வந்துடுச்சு."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். இந்தக் கேள்வியில் எவ்வளவு விஷயம் இருக்கிறது பாருங்கள். கிளட்சை மிதிக்காமல் கியரில் உருளும் வண்டியில், எஞ்சின் செத்தாலும் சக்கரங்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பெட்ரோல் வராமல் நின்றிருந்தால் வண்டி முதலில் இருமும், திக்கும். வேகம் குறையக் குறைய முள்ளும் மெள்ள இறங்கும். சுற்றிக்கொண்டிருக்கிற எஞ்சினை முள்'சுற்றவில்லை' என்று சொன்னால், பொய் சொல்வது எஞ்சின் இல்லை. சுற்றுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டிய ஆள் தூங்கிவிட்டார் என்று அர்த்தம்.

அந்த ஆளுக்கு கிராங்க் சென்சர் என்று பெயர். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஒரு பல்சக்கரத்துக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவில், கறுப்பாக உட்கார்ந்திருக்கும். பல கார்களில் அந்தச் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் உண்டு. ஆனால் 58 பல்தான் இருக்கும். இரண்டு பல் வேண்டுமென்றே கிடையாது. கச்சேரியில் தாளம் போடுபவர் மாதிரி இந்தச் சென்சர் ஒவ்வொரு பல்லையும் எண்ணிக்கொண்டே இருக்கும். பல் இல்லாத இடம் வந்தால் அதுதான் சமம். நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 2,900 பல்! அந்தத் தாளத்தை வைத்துத்தான் எப்போது பெட்ரோல் தூவுவது, எப்போது பொறி தட்டுவது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. தாளம் நின்றால் கச்சேரி மொத்தமும் அந்த விநாடியே நிற்கும்.

ஸ்கேனர் ஏன் இதைச் சொல்லவில்லை? கம்ப்யூட்டருக்கு எஞ்சின் சுற்றுகிறது என்று தெரிவதே முக்கியமாக இந்த சென்சர் வழியாகத்தான். சிக்னல் வராவிட்டால்,'எஞ்சின் நின்றுவிட்டது போலிருக்கிறது' என்று பல வண்டிகளில் அது பேசாமல் இருந்துவிடும். நின்ற எஞ்சினிலிருந்து சிக்னல் வராததில் என்ன குற்றம்? சாட்சியே இறந்துவிட்ட வழக்கு மாதிரி!

மெக்கானிக்கின் கடைசிக் கேள்வி: "கெளம்பி எவ்ளோ நேரத்துல நிக்கிது?"

என் மனைவி கைப்பையிலிருந்து பால் கணக்கு நோட்டை எடுத்தாள். பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். ஞாயிறு, கிளம்பிய நேரம், நின்ற நேரம், ஏ.சி. ஓடியதா, பெட்ரோல் எவ்வளவு, எத்தனை நிமிஷம் கழித்து ஸ்டார்ட் ஆனது, எல்லாம். மூன்று தடவையும் நாற்பதிலிருந்து ஐம்பது நிமிஷத்துக்குள். அதோடு நாலாவது ஒரு வரியும் இருந்தது. மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது நீலாங்கரையில் ஒருதடவை நின்றிருக்கிறது. வீட்டில் யாரும் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. பேய்க் கதைக்கு நீலாங்கரை ஒத்துவரவில்லையே!

மெக்கானிக் சிரித்தார். "முட்டுக்காடும் இல்ல, பேயும் இல்ல. நாப்பது நிமிஷம்தான்மா கணக்கு. இங்கேர்ந்து போனா முட்டுக்காடு, அங்கேர்ந்து வந்தா நீலாங்கரை."

யோசித்தால் சரிதான். திருவான்மியூர் சிக்னல், நீலாங்கரைக் கூட்டம், உத்தண்டி டோல்கேட் வரிசை என்று ஏ.சி. போட்டுக்கொண்டு ஊர்ந்து, பானெட்டுக்குள் சூடு முழுசாக ஏறி முடிகிற இடம்தான் முட்டுக்காடு. எல்லோரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆனாலும் உடனே சென்சரை மாற்றிவிடவில்லை. "நெனைக்கிறது வேற, புடிக்கிறது வேற சார்" என்றார். கடலோர வண்டி என்பதால் முதலில் எர்த் வயரைக் கழற்றிப் பார்த்தார். உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்தார். "இது பாவம், சும்மா இருந்துச்சு. இதும்மேல பழி போட்டு உங்கள அனுப்பிருந்தா அடுத்த வாரம் மறுபடி பாலத்துல நிப்பீங்க." மாமல்லபுரம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினோம். நிற்கவில்லை. கடற்காற்றில் வேகமாகப் போனால் எங்கே சூடாகும்? கொட்டகைக்கு வெளியே உச்சி வெயிலில் நிறுத்தி, பானெட்டை மூடி, ஏ.சி.யைப் போட்டு, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டார். டீ வந்தது. முப்பத்தைந்தாவது நிமிஷம், சத்தமே இல்லாமல் எஞ்சின் செத்தது.

"நின்னுச்சு! யாரும் தொடாதீங்க!" ஒரு வண்டி நின்றதற்கு ஒரு மனுஷன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. இந்தப் பதினைந்து நிமிஷத்துக்குள்தான் எல்லாம் பார்த்தாக வேண்டும். ஆறிவிட்டால் நல்ல பிள்ளை ஆகிவிடும்.

சாவியைத் திருப்பச் சொல்லி, பின்சீட்டில் காதை வைத்தார். 'உய்ங்' என்று இரண்டு விநாடி பம்ப் சத்தம். பெட்ரோல் இருக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பொறி இல்லை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது முள் துளியும் அசையவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து, சென்சர் மேல் மட்டும் நிதானமாக ஊற்றினார். சாவியைத் திருப்பினார். உடனே ஸ்டார்ட்!

இந்தத் தண்ணீர் வித்தை புதுசில்லை. அம்பாசிடர், ஃபியட் ஓட்டிய வீடுகளில் கேட்டுப் பாருங்கள். கோடையில் மலை ஏறும்போது வண்டி நின்றால் டிரைவர் இறங்கி, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றுவார். எஞ்சின் சூட்டில் பம்புக்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். நீரைத் தள்ளுகிற பம்ப் குமிழியைத் தள்ளத் தெரியாமல் திணறும். குளிரவைத்தால் சரியாகும். இப்போதைய கார்களில் பம்ப் டாங்க்குக்குள்ளேயே இருப்பதால் அந்தத் தொல்லை ரொம்பக் குறைந்துவிட்டது. ஆனால் ஈரத்துணி கற்றுக்கொடுத்த பாடம் அப்படியே இருக்கிறது: எதைக் குளிரவைத்தால் உயிர் வருகிறதோ, அதில்தான் வியாதி.

சென்சரைக் கழற்றி மீட்டரில் வைத்தார். எண்ணூற்றுச் சொச்சம் ஓம் காட்டியது. பக்கத்து சலூனிலிருந்து ஹேர் டிரையர் வந்தது. ஊதினார். எண் மெள்ள ஏறிக்கொண்டே போய் திடீரென்று காணாமல் போனது. உள்ளே தலைமுடி கனத்தில் சுற்றிய செம்புக் கம்பியில் ஏதோ ஒரு இடத்தில் விரிசல். சூட்டில் விலகும், ஆறினால் தொடும். புது சென்சர் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். கூலி கொடுத்தபோது, "பாதி ரிப்பேர அந்த பால் நோட்டு பண்ணிடுச்சு" என்றார்.

ஒரு சின்னக் கார் கதைக்கு இத்தனை விஸ்தாரமா என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் அமெரிக்கா பக்கம் போய்விட்டு வருவோம்.

ஃபோர்டு கம்பெனி 1983-லிருந்து 1995 வரை செய்த பல கார்களில், எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்திலேயே இக்னிஷன் மாட்யூலை வைத்திருந்தது. சூடானால் எஞ்சின் நிற்கும், ஆறினால் ஓடும். ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது ஆறியிருக்கும். வழக்கு நடந்து, 2000-ம் வருஷம் கலிஃபோர்னியா நீதிபதி ஒருவர் அந்தக் கார்களைத் திரும்ப அழைக்கச் சொன்னார்.

ஜெனரல் மோட்டார்ஸ் கதை இன்னும் மோசம். அதன் கோபால்ட் முதலான கார்களில் சாவி சுவிட்ச் ரொம்ப லூஸ். கனமான சாவிக்கொத்து ஆடினாலோ முழங்கால் இடித்தாலோ சாவி தானாகத் திரும்பிக்கொள்ளும். எஞ்சின் நிற்கும், ஸ்டியரிங் கனக்கும், முக்கியமாக ஏர்பேகும் செயல்படாது. வருஷக்கணக்கில் புகார்கள் வந்தன. உயிருக்கு ஆபத்தான குறை என்ற பட்டியலில் சேர்க்காமல், 'வாடிக்கையாளர் சௌகரியம்' என்ற பட்டியலில் சேர்த்து வைத்திருந்தார்கள்!

2004-ல் டெக்ஸாஸில் ஓர் இளம்பெண் ஓட்டிய கார் ரோட்டை விட்டு விலகி மரத்தில் மோதி, அவளுக்கு நிச்சயமாகியிருந்தவர் இறந்தார். தன் அஜாக்கிரதைதான் காரணம் என்று அவள் நம்பி, கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். பத்து வருஷம் கழித்து, 2014 நவம்பரில்தான் அந்தத் தீர்ப்பு ரத்தானது. அந்தச் சாவுக்குத் தன் சுவிட்ச் காரணம் என்று கம்பெனியே ஒப்புக்கொண்ட பிறகு! நடுவில் 2010-ல் ஜார்ஜியாவில் ஒரு நர்ஸ், 'கார் ஓடும்போதே நின்றுபோகிறது' என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டாள். பெட்ரோல் பாதையைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். வண்டியை எடுத்த மறுநாள், தன் 29-வது பிறந்தநாளில், அதே காரில் இறந்தாள்.

அவள் பெற்றோர் போட்ட வழக்கில் ஓர் எஞ்சினீயர், அவள் காரின் சுவிட்சையும் கடையில் வாங்கிய புது சுவிட்சையும் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்ட் நம்பர் இரண்டிலும் ஒன்றே. ஆனால் உள்ளே ஸ்பிரிங் வைத்த சின்ன முளை, புதியதில் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம் நீளம். சத்தமில்லாமல் திருத்தியிருக்கிறார்கள், நம்பரை மாற்றவில்லை. அதன் பிறகு 2014-ல் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நஷ்டஈடு வழங்க அமைத்த குழு ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.

'மேடம் கிளட்சை விட்டிருப்பாங்களோ' என்ற கேள்வி எனக்குச் சிரிப்பாக இல்லாததற்குக் காரணம் இதுதான்.

நம் நாட்டில் நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. 2012-லிருந்து கம்பெனிகள் தாங்களாகவே திரும்ப அழைக்கும் வழக்கம் வந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லும் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொண்டது. ஃபியூயல் பம்ப் கோளாறுக்காக மாருதி 2020-ல் 1,34,885 வேகன்-ஆர், பெலினோ கார்களையும், ஹோண்டா 2024-ல் 90,468 கார்களையும் அழைத்தன. உங்கள் காரின் சேசிஸ் நம்பரை கம்பெனியின் வெப்சைட்டில் போட்டுப் பாருங்கள். உங்கள் வண்டிக்கும் அழைப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இலவசமாக மாற்றித் தருவார்கள்.

ஓடும்போது எஞ்சின் நின்றுவிட்டால் சில விஷயம் மட்டும் ஞாபகம் வையுங்கள். ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். பலமாகத் திருப்புங்கள். பிரேக்கில் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் உதவி மிச்சமிருக்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். வண்டி உருளும்போது சாவியை உருவவே உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நாலு இண்டிகேட்டரையும் போட்டு, இடது ஓரம் ஒதுங்கி, இடது பக்கமாக இறங்கித் தள்ளி நில்லுங்கள்.

மூச்சு வந்த பிறகு ஒரு பேப்பரில் எழுதுங்கள். கிளம்பி எத்தனை நிமிஷம், ஏ.சி. ஓடியதா, டாங்க்கில் எவ்வளவு, பாட்டு நின்றதா, சிவப்பு லைட் எரிந்ததா, முள் எப்படி விழுந்தது. அதை மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஸ்கேனருக்குத் தெரியாதது அதில் இருக்கும்.

ஓட்டியவர் உங்கள் மனைவியோ, மகளோ, கால் டாக்ஸி டிரைவரோ, யாராக இருந்தாலும் 'வண்டி தானா நின்னுச்சு' என்று வந்து சொன்னால், 'நீ என்ன பண்ணினே?' என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். முதல் கேள்வி பாட்டைப் பற்றி இருக்கட்டும்.